கொன்றவர் யார்?

ஒக்கலிபுரத்தில் எங்கள் சந்தில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தோர் பலர். அவர்தம் மக்களிற் சிலர் இன்று கணினி நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். எங்கள் குடும்பமும் அத்தகையதே. அண்ணன் முப்பதாண்டு ஆட்டோ ஓட்டியவர். அவர் மகனோ, ஓட்டுநரின்றி ஓடும் கார்களுக்கு நிரல் எழுதுகிறான். ஆதலால், 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'ஓகே கம்ப்யூட்டர்' என்னும் இந்தித் தொடர் ஹாட்ஸ்டாரில் வந்தபோது, குடும்பத்தோடு ஆவலாய் அமர்ந்தோம்.

கதையின் கருவைக் கேளுங்கள். ஆண்டு 2031. ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார் ஒன்று ஒருவரை மோதிக் கொன்றுவிடுகிறது. குற்றவாளி யார்? எந்திரமா, அதனை ஆக்கியவரா? விஜய் வர்மா துப்பறிகிறார். ராதிகா ஆப்தே எந்திரங்களுக்காகப் பரிந்து பேசுகிறார். எத்துணை அரிய வினா! ஆனால் ஆறு பகுதிகளிலும் கேலியும் கூத்துமே மேலோங்கின. வினா ஒரு மூலையிற் கிடந்தது. சிரிக்க வைப்பது பிழையன்று. இதே பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய சுஜாதாவும் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் எந்திர நாயைக் கொண்டு நம்மைச் சிரிக்க வைத்தவர்தாம். எனினும், பெயர்கள் இரண்டெழுத்தில் அடங்க வேண்டும் என்ற ஒரு சட்டத்திலேயே அக்கதையின் கொடுங்கோல் ஆட்சி முழுதும் நமக்கு விளங்கிவிடும்.

இது வெறுங்கற்பனையும் அன்று. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதனைக்கு விட்ட கார், இரவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலை கடந்த பெண்மணியைக் கொன்றது. மோதுமுன் 5.6 விநாடிக்கு முன்பே அவரை அது கண்டிருந்தது. காரா, மிதிவண்டியா, வேறொன்றா என்று மாறி மாறிக் கணித்தவாறே சென்றது. கடக்குமிடம் அல்லாத இடத்திலும் மனிதர் கடப்பர் என்று அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. (நம் ஊரில் வேறு எங்கே கடக்கிறோம்?) நிறுவனத்தின்மீது குற்ற வழக்கில்லை என்று 2019இல் அரசு வழக்குரைஞர் முடிவு செய்தார். உள்ளே காவலாய் அமர்ந்திருந்த ஊழியரே 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு ஆளானார்.

தொடர் முடிந்த இரவில் அண்ணன் மகனிடம் கேட்டார்: "என் ஆட்டோ இடித்தால் என் லைசென்சைப் பிடுங்குவார்கள். நீ எழுதியது இடித்தால் யாரைப் பிடிப்பார்கள்?"

"நூறு பேர் சேர்ந்து எழுதுவதப்பா. என் பங்கு பிரேக் மட்டுந்தான்."

அண்ணன் அவனையே நோக்கியிருந்தார். அண்ணி உணவுக்கு அழைத்தார். இருவரும் எழவில்லை.