பட்டறைக் கணக்கும் கம்ப்யூட்டரும்



'சரக்கு இருப்பு' என்றதும் நம்மில் பலருக்குத் தேர்வில் வரும் பத்து மார்க் கேள்விதான் ஞாபகம் வரும். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடுவோம். ஆனால் எங்கள் மரக்காணத்தில் அது சோற்றுப் பிரச்சினை.

உப்பளத்தில் உப்புநீர் இறைக்கும் எஞ்சின், பம்பு ரிப்பேர் பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றில் லீவு நாட்களில் வேலை செய்கிறேன். சித்திரை, வைகாசி வெயிலில்தான் உப்பு நன்றாக விளையும். அந்த நேரத்தில் ஓர் ஆயில் சீல் இல்லையென்று பம்பு நின்றால் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது. உப்பு வாரும் நாள் தள்ளிப்போகும், வாருகிறவர்களின் கூலியும் போகும். அதற்காக எல்லாவற்றையும் வாங்கி அடுக்கவும் முடியாது. உப்புக் காற்றில் பேரிங் பெட்டிக்குள்ளேயே துருப்பிடித்துவிடும்.

முதலாளி அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு, "என்ன சாஃப்ட்வேர் போடலாம்? இங்க படிக்கிற பையன் நீதான், நீயே சொல்லுப்பா" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். வீட்டுக்கு வரும் கடிதத்தை எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். ஆனால் இது அடுத்தவர் பணம். அதனால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் எல்லோரும் சொன்ன பெயர் டேலி. அதன் கதையே நமக்குப் பாடம். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகமும் விற்று வந்தார். தன் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் தொடங்கிய அந்த முயற்சிதான் டேலி. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தேவை ஒரு கடையில் பிறந்தது, மென்பொருள் அதற்குப் பிறகுதான் வந்தது. எனவே நம் பட்டறையின் தேவை என்ன என்பதை முதலில் பார்த்தேன்.

பில் போட்டு, 2017 ஜூலை 1 முதல் வந்த ஜி.எஸ்.டி. கணக்கும் காட்டும் பெரிய கடைக்கு டேலி பொருத்தம். எங்களுக்கு வேண்டியது மூன்றே கேள்விக்குப் பதில்: என்ன இருக்கிறது, எந்த டப்பாவில் இருக்கிறது, எப்போது வாங்க வேண்டும்? அதற்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும் என்றேன். பொருள் பட்டியல், வரவு, செலவு என்று மூன்று தாள். தமிழிலேயே அடிக்கலாம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடும்.

பருவத்தில் வாரத்துக்கு 4 ஆயில் சீல் செலவாகிறது. ஆர்டர் கொடுத்தால் சரக்கு வர 1 வாரம். கைகாவலுக்கு 2. ஆக, இருப்பு 6 ஆனதும் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும். ஐப்பசி மழையில் பாத்தி மூழ்கியபின் அதே 6 வீண் செலவு. எனவே வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று என இரண்டு அளவு வைத்தோம்.

கம்ப்யூட்டரைவிடப் பெரிய சிக்கல் மேஸ்திரிதான். "எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு என் தலையில இருக்கு. இனிமே அந்தப் பொட்டிதான் சொல்லுமா?" என்றார். அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. ஆனால் அவர் இல்லாமல் பட்டியலே போட முடியவில்லை. 6205 என்றால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ. என்று நாம் படித்திருக்கிறோம். அவருக்கு அது 'சின்ன பம்பு பேரிங்'. பட்டியலில் இரண்டு பெயரும் ஏறின. மழைக்கால அளவுகளையும் அவர்தான் சொன்னார். ஒவ்வொரு டப்பாவிலும் ஓர் அட்டை தொங்குகிறது. எடுக்கிறவர் அதில் எழுத வேண்டும், சாயங்காலம் அதைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். சனிக்கிழமைதோறும் ஐந்து பொருளை எண்ணிச் சரிபார்த்து, பென் டிரைவில் ஒரு பிரதியும் எடுக்கிறோம். "எழுதறேன் தம்பி. ஆனா கரண்ட் போனா என்னைத்தான் கேப்பீங்க" என்கிறார் மேஸ்திரி. அதுவும் உண்மைதான்!

நண்பர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாளை உங்களிடமும் யாராவது "எந்த சாஃப்ட்வேர்?" என்று கேட்பார்கள். விலையைப் பார்க்கும் முன், பொருளை எடுக்கும் கை யாருடையது என்று பாருங்கள். கிரீஸ் படிந்த அந்தக் கை எழுதக்கூடிய கணக்கே நல்ல கணக்கு.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை