பூட்டி வைத்த தேயிலையும் பாலாற்றுத் தண்ணீரும்

வேலூர்க் கோட்டைக்குப் போகிற நாம் அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதற்குள் வெள்ளைக்காரக் குடும்பங்களும் குடித்தனம் நடத்தின என்பது நினைவுக்கு வருவதில்லை. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியில் கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் உயிரிழந்தார். அவர் மனைவி அமீலியா இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து தப்பி, அந்த இரவைப் பற்றி எழுதியும் வைத்தார்.

அந்தக் காலத்து ஆங்கிலேய இல்லத்தரசிக்கு, நமக்கு அஞ்சறைப்பெட்டி போல, தேயிலைப் பெட்டி முக்கியம். அதன் பெயர் 'கேடி'! சிரிக்காதீர்கள். சுமார் 600 கிராம் எடைக்கு மலாய் மொழியில் உள்ள 'காட்டி' என்ற பெயரிலிருந்து வந்ததாம். இங்கிலாந்தில் பில்ஸ்டன் ஊர்ப் பெட்டிகள் அழகுக்குப் பேர்போனவை. செப்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசிச் சூளையில் சுட்டு, மேலே பூவும் கொடியும் வரைந்து மறுபடி சுடுவார்கள். அதுதான் எனாமல். கறுப்புத் தேயிலைக்கு ஒன்று, பச்சைத் தேயிலைக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று சேர்த்து வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாவி எஜமானியம்மாளிடம்! சீனாவிலிருந்து கப்பலில் வந்த தேயிலைக்கு நூற்றுக்கு 119 வரி இருந்ததே! 1784இல்தான் அதைப் பன்னிரண்டரையாகக் குறைத்தார்கள்.

கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஆம்பூர். ஷூ தொழிற்சாலை விட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். டீக்கடையில் கொதிக்கிற டீ எல்லோருக்கும் பொது. தேயிலைக்கு இப்போது யார் பூட்டுப் போடுகிறார்கள்?

ஆனால் தண்ணீர்? முன்பெல்லாம் ஆவாரம்பட்டையில்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். அந்தத் துவர்ப்பும் டீயின் துவர்ப்பும் ஒரே ஜாதிதான். பிறகு குரோமிய உப்பு வந்தது. கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 'கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும்' என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. ஆனாலும் ஒருமுறை கெட்ட கிணறு லேசில் தேறுமா?

நாங்கள் தங்கிய உறவினர் வீட்டில் டீத்தூள் டப்பா திறந்தே கிடந்தது. காசு கொடுத்து வாங்கிய குடிநீர்க் குடத்துக்குத்தான் மூடி மேல் மூடி. குழந்தைகள் கை வைக்கக் கூடாது என்று பாட்டியம்மா காவல்!

இளம் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. உப்புத் தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் கிருமி சாகுமே தவிர உப்பும் குரோமியமும் போகாது. குழந்தைக்குக் கொடுக்கும் முன் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பரணில் பாட்டி காலத்து எனாமல் டப்பா இருந்தால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். தேயிலை போட வேண்டாம்.