மறுபடியும் நிரப்புவதற்கு முன்

இவ்வாரத் தியானப் பகுதி: மத்தேயு 5:23, 24





கோடை வெயில் கடுமையாகும் நாட்களில், கார் ஏ.சி. பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு முன்பாகப் பழைய கார்கள் வரிசையாக நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றைக் கொண்டுவருகிறவர்களில் அநேகர் கேட்பது ஒன்றே: "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பிக் கொடுங்கள்." நிரப்பிய அன்று கார் நன்றாய்க் குளிர்கிறது. சில வாரங்களில் மீண்டும் அனல் வீசுகிறது. அடுத்த கோடையிலும் அதே பட்டறை, அதே வேண்டுகோள், அதே செலவு. ஆனால் தொழிலை அறிந்த மெக்கானிக் உடனே நிரப்பிவிடமாட்டார். எங்கே கசிகிறது என்பதைத்தான் அவர் முதலில் தேடுவார். அவர் கடைப்பிடிக்கும் அந்த ஒழுங்கைக் குறித்தே இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

காரில் ஊற்றும் பெட்ரோல் எரிந்து தீர்ந்துபோகிறது. ஆகவே மறுபடியும் ஊற்றுகிறோம். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் அப்படிப்பட்டதன்று. அது எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. முன்புறத்திலுள்ள கண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. காருக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று மூடிய சுற்று. சிறிய கார்களில் ஏறத்தாழ அரைக் கிலோ கேஸ்தான் இருக்கும்; அதுவே பல ஆண்டுகள் சுழன்றுகொண்டிருக்கும். ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால், கேஸ் தீரவில்லை, எங்கோ கசிகிறது என்பதே பொருள்.

பிரியமானவர்களே, கர்த்தருடைய கிருபையைப் பெட்ரோலைப்போல நாம் எண்ணிக்கொள்ளவில்லையா? கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போகிறோம், கண்ணீரோடு ஜெபிக்கிறோம், நிரம்பித் திரும்புகிறோம். மாதம் முடிவதற்குள் உள்ளம் வறண்டுவிடுகிறது. "இன்னொரு முழு இரவு ஜெபம் வேண்டும், இன்னும் மூன்று நாள் உபவாசம் வேண்டும்" என்கிறோம். இவை யாவும் நல்லவையே; இவற்றுக்கு நான் விரோதமாய்ப் பேசவில்லை. ஆயினும் ஓட்டைப் பையிலே கூலியைப் போட்டுக்கொண்டிருந்த ஜனங்களைப் பார்த்து, உங்கள் வழிகளைச் சிந்தித்துப் பாருங்கள் என்று ஆகாய் தீர்க்கதரிசி எச்சரித்தாரே. அவர்கள் உழைப்பில் குறைவில்லை, பை கிழிந்திருந்தது.

அப்படியானால் கசிவு எங்கே உண்டாகிறது? பழைய கார்களில் பெரும்பாலும் இணைப்புகளில்தான். ஒரு குழாயும் மற்றொரு குழாயும் சேருமிடத்தில் ஓ-ரிங் என்னும் சிறிய ரப்பர் வளையம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து அது தன் மென்மையை இழக்கிறது, இறுகிப்போகிறது. அதன் பின்பு அந்த இணைப்பு காற்றுப்புகாதபடி மூடிக்கொள்வதில்லை. உலோகக் குழாயைவிட இந்தச் சிறு வளையம் எவ்வளவோ மலிவானது. ஆனாலும் அது கடினப்பட்டால் முழு இயந்திரமும் வீணாய்ச் சுழல்கிறது.

நம்முடைய கசிவுகளும் இணைப்புகளில்தான் இல்லையா? தகப்பன் எழுதிவைத்த நிலத்தின் பொருட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணனும் தம்பியும், ஆலயத்தின் இரண்டு பக்கங்களில் அமர்ந்து ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டு வெவ்வேறு வாசல் வழியாக வெளியேறுகிறார்கள். ஒரே வீட்டில் வாழும் மாமியாரும் மருமகளும் பிள்ளைகளின் வாயிலாகவே செய்தி சொல்லி அனுப்புகிறார்கள். திருமணத்தில் நடந்த ஓர் அவமதிப்பை இருபது ஆண்டுகளாய் ஒருவர் மனதில் காத்துவைக்கிறார். அங்கே இருதயம் கடினப்பட்டிருக்கிறது. பெற்ற சமாதானம் அந்த இடத்தின் வழியாகவே வெளியேறுகிறது.

இன்னொரு கசிவும் உண்டு. நெடுங்காலம் ஏ.சி.யை ஓட்டாமலே வைத்திருந்தால், கம்ப்ரஸரின் தண்டைச் சுற்றியுள்ள சீல் எண்ணெய்ப் பசையின்றி வறண்டு கசியத் தொடங்கலாம். ஆகையால் குளிர் காலத்திலும் அவ்வப்போது சில நிமிடம் அதை ஓடவிடும்படி அறிந்தவர்கள் சொல்வார்கள். குடும்ப ஜெபமும் அப்படியே. துன்பம் வரும்போது மட்டும் முழங்காற்படியிடுகிற வீட்டில், துன்பம் வரும் நாளில் ஜெபிக்கும் வாய் வறண்டிருக்கும்.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிதன்று. இன்றைக்கு ஓடும் பெரும்பாலான பழைய கார்களில் உள்ள ஆர்-134ஏ என்னும் கேஸுக்கு நிறமில்லை. வாசனையும் அநேகமாய் இல்லை. ஆனால் கேஸோடு சேர்ந்து சுழலும் எண்ணெய் கசிந்த இடத்தில் படிகிறது. அதன்மேல் புழுதி ஒட்டிக்கொள்கிறது. மெக்கானிக் அந்தக் கறையைத் தேடுகிறார். சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் எழும்புகிறதா என்று பார்க்கிறார். ஒளிரும் சாயத்தை உள்ளே செலுத்தி, புறஊதா விளக்கால் குழாய் குழாயாய்ச் சோதிக்கிறார். எருசலேமின் அலங்கத்தைக் கட்ட வந்த நெகேமியாவும், ஒருவருக்கும் அறிவிக்காமல் இராக்காலத்திலே சென்று இடிந்துபோன இடங்களை முதலாவது பார்த்து வந்தார். கட்டுவோம் என்று அவர் ஜனங்களை அழைத்தது அதற்குப் பின்புதான்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். ஏ.சி. ஓடும்போது காரின் அடியில் தண்ணீர் சொட்டுவதைக் கண்டு, கசிகிறதே என்று சிலர் பயப்படுவார்கள். அது கேஸன்று. காருக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி, அதற்கென்று வைக்கப்பட்ட குழாய் வழியே வெளியேறுகிறது. ஏ.சி. வேலைசெய்கிறது என்பதற்கே அது அடையாளம். மெய்யான கசிவோ கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆலயத்தில் அழுகிற சகோதரியைப் பார்த்து, அவளுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லாதிருங்கள். புருஷனை அடக்கம்பண்ணியவளின் கண்ணீர் கசிவன்று. லாசருவின் கல்லறையருகே நம் ஆண்டவரும் கண்ணீர் விட்டார். ஒருவேளை கண்ணீரின்றி, குரல் தழுதழுக்காமல், ஒழுங்காய் வந்துபோகும் நம்மிடத்தில்தான் கசிவு இருக்கலாம். கேஸ் தீர்ந்த காரிலும் விசிறி சுழல்கிறது, சத்தம் கேட்கிறது, காற்று வருகிறது. குளிர்ச்சி மாத்திரம் இல்லை. கர்த்தர் தன்னை விட்டு விலகினதை அறியாமல் சிம்சோன் எழுந்து உதறிப்போவேன் என்று எண்ணினானே!

கசிவு கண்டபின் குறுக்குவழி ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. குழாய்க்குள் செலுத்தினால் ஓட்டையைத் தானாக அடைத்துவிடும் என்று சொல்லி ஒரு திரவத்தை விற்கிறார்கள். சில வேளைகளில் அது கசிவோடுகூட, கேஸ் செல்லவேண்டிய நுண்ணிய துவாரத்தையும் அடைத்துவிடுகிறது. "நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுவோம்" என்று பேச்சளவில் மூடிவிடும் சமாதானமும் இத்தகையதே. அது காயத்தையும் அடைக்கும், அன்பு பாயும் வழியையும் அடைக்கும்.

சரியான வேலை வேறு. மீதியிருக்கும் கேஸை வானத்தில் விட்டுவிடாமல் இயந்திரத்தால் சேகரிக்க வேண்டும். ஏனெனில் அது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பூமியை வெப்பமாக்கக்கூடியது. நம் கசப்பும் நம்மோடு நிற்பதில்லை, பிள்ளைகள்மேல் போய் விழுகிறது. பின்பு இணைப்பைக் கழற்றி, இறுகிப்போன வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவேண்டும். ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றவேண்டும். அதன்பின் வேக்கம் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரைமணி நேரமோ அதற்கு மேலோ இழுத்து வெறுமையாக்க வேண்டும். பம்பை நிறுத்திவிட்டு அந்த வெறுமை நிலைநிற்கிறதா என்று காத்திருந்து பார்க்கவேண்டும். நிலைநின்றால்தான் நிரப்புதல். அதுவும் எடைபோட்டு, மிஞ்சினாலும் குளிர்ச்சி குறையும்.

பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்பவனுக்கு ஆண்டவர் சொன்ன ஒழுங்கும் இதுவே. உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அவ்விடத்திலேயே வைத்துவிட்டுப் போ, முதலாவது ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து. அவர் காணிக்கையைத் தள்ளவில்லை, ஆராதனையைக் குறைவாய்ப் பேசவில்லை. எது முதலாவது என்பதையே கற்பித்தார்.

இதற்கு விலை உண்டு. அபகரித்த பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். வயதில் இளையவரிடத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம். மறுபக்கத்தார் கதவைத் திறவாமலும் போகலாம். உங்களால் ஆனமட்டும் என்றுதான் பவுல் அப்போஸ்தலன் நம்மிடத்தில் கேட்கிறார். வீட்டில் அடியும் கொடுமையும் சகிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமைதியாய்த் திரும்பிப் போங்கள் என்று இவ்வசனம் சொல்லவில்லை. குறை செய்தவனே எழுந்து போகவேண்டும் என்கிறது.

"இத்தனை வருஷமாகிவிட்டதே, ஐயா" என்பீர்களோ? பழைய காரிலும் புதிய வளையம் பொருந்தும். யாக்கோபு இருபது வருஷம் லாபானிடத்தில் இருந்துவிட்டுப் பயத்தோடே திரும்பி வந்தான். ஏசாவோ ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். அந்த முகத்தில் தேவனுடைய முகத்தையே கண்டதுபோல யாக்கோபுக்கு இருந்தது. அவன் பெத்தேலுக்குப் போய்ப் பலிபீடம் கட்டினது அதற்குப் பின்பே.

வரும் ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய பந்தி. அதற்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. ஒரு பெயர் இப்பொழுது உங்கள் நினைவுக்கு வந்திருக்குமானால், இன்று மாலையே அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். கூடுமானால் நேரில் போங்கள். போய்விட்டு வாருங்கள். பந்தி உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்களை நிரப்பும் என்று கேட்பதற்கு முன், எங்கள் கசிவைக் காண்பியும். கடினப்பட்ட இடத்தை மென்மையாக்கும். எங்கள் சகோதரனுடைய வாசல்மட்டும் எங்களோடுகூட வாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.