பொம்மைக் கடையின் போதனை

அமெரிக்காவில் வாழும் என் மூத்த தமக்கையின் பேத்தி, 2015-ஆம் ஆண்டில் ஒரு நாள் தொலைபேசியில், “சாமித் தாத்தா, படத்துல வண்டி ஓட்டின அக்கா பொம்மையில இல்லையே, எங்கே போனாங்க?” என்று கேட்டாள்.

‘அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ என்னும் அத்திரைப்படத்தில், பிளாக் விடோ என்ற வீராங்கனை விமானத்தினின்று மோட்டார் சைக்கிளில் பாய்ந்திறங்குவாள். கடையில் விற்ற பொம்மைத் தொகுப்பிலோ அவ்வண்டியின்மேல் கேப்டன் அமெரிக்கா அமர்ந்திருந்தார். வீர விளையாட்டுப் பொருள்கள் சிறுவர்க்கே உரியன என்பது வணிகரின் கணக்கு. அப்படத்தில் நடித்த மார்க் ரஃபலோவே, தம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்காகப் பிளாக் விடோ பொருள்கள் வேண்டுமென அவ்வாண்டு வெளிப்படையாகக் கேட்டார்.

சிறுமியரை நாடி வந்த வீரக் கதைகளும் உண்டு. 1985-இல் அறிமுகமான ஷீ-ரா வாளேந்திப் போரிட்டாள். அவள் பொம்மையை வாங்கிய சிறுமிக்கோ, அதன் கூந்தலை வாரச் சீப்பும் கிடைத்தது. கதை, ‘நீ வலியவள்’ என்றது; கடை, ‘நீ அழகாயிரு’ என்றது.

வணிகரைக் குறைகூற வாயெடுத்த எனக்கு, எங்கள் பங்கின் மறைக்கல்விப் பரிசளிப்பு விழா நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் சிறுவர்க்குக் கால்பந்தும், சிறுமியர்க்கு வளையலும் ரிப்பனும் வழங்கியவை என் கைகளே அன்றோ! முதற்பரிசு பெற்ற சிறுமியொருத்தி அந்தப் பந்தையே பார்த்து நின்றதை அன்று நான் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டு விழாவில் பந்து அவள் கைக்கே சென்றது.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் மகளுக்குப் பரிசு வாங்குமுன், அவள் கண் எதன்மேல் நிற்கிறது என்று சற்றே பாருங்கள்.