பழைய சாலையில் கேட்ட குரல்

பினாங்கிலிருந்து ஈப்போ பக்கம் போகிறவர்கள் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுவதால் சுங்கை பாக்காப் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் நடுவே, பழைய கூட்டரசு சாலையில் இருக்கிறது இந்தச் சிற்றூர். தீவிலிருந்து வருகிறவர்களுக்கு 2014இல் திறந்த இரண்டாவது பாலம் வசதி. பத்து காவானில் இறங்கினால் அதிகத் தூரமில்லை.

ஊரை உருவாக்கியவர் கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சூ கரும்புத் தோட்ட முதலாளி. அவர் குடும்பத்தின் பூர்வீக இல்லத்தை இன்றும் பார்க்கலாம். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் வேலைக்கு வந்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். பின்னர் கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பரைத் தொடர்ந்து செம்பனை.

இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். வானொலியில் பழைய மலாய்ப் பாட்டு ஒன்று.

"நல்லாருக்கே, யாரு மாமா பாடுறது?" என்றாள் அக்கா மகள்.

"அலிகேட்ஸ் லோகநாதன்."

"தமிழரா?"

அவளுக்கு வயது 24. பிறந்து வளர்ந்தது பினாங்கில்.

லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் குழு 1969வாக்கில் பினாங்கில்தான் பிறந்தது. ஆரம்பப் பெயர் 'ஃபிரஸ்ட்ரேட்டட் கிரிஸ்டல்ஸ்'. ஹாங்காங் வரை போய்ப் பாடினார்கள். 1980களில் 'செகுந்தும் மாவார் மேரா' போன்ற பாடல்கள் நாட்டையே கட்டிப்போட்டன. 2007இல் லோகநாதன் மறைந்தார்.

வானொலியில் திரும்பத் திரும்ப ஒலிப்பவை அந்த வெற்றிப் பாடல்கள்தான். அவற்றுக்கு முன், 1970களின் இறுதியில் வந்த 'தெரிமா காசே' போன்ற தொகுப்புகளை இன்று தேடிக் கேட்பவர் குறைவு. நம் திருமண மண்டபங்களிலோ சென்னைப் பாட்டுக்கே இடம். மலாய்க்காரர்கள் தங்கள் பாட்டாகக் கொண்டாடும் குரலை, மொழி வேறு என்பதற்காக நாம் நம் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் பினாங்குப் பிள்ளைக்கே அது யார் குரலென்று தெரியவில்லை.

அடுத்த முறை பிள்ளைகளோடு இந்தப் பக்கம் வந்தால் பழைய சாலையிலேயே வாருங்கள். நிபோங் திபால் வரைக்கும் அந்த ஆரம்பப் பாடல்களைப் போட்டு, பாடியவர்களின் பெயரையும் சொல்லுங்கள்.