எறியும் கை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால், அவருக்கு முன்பாகவே அவருடைய பெட்டியைப் பற்றிய பேச்சு தெருவுக்கு வந்துவிடும். கோடாலித் தைலம், சாக்லெட், சென்ட் பாட்டில், பாட்டிக்கு ஒரு கம்பளி என்று அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்பது நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். சென்ற பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அது தோலால் செய்த ஒரு கையுறை. ஒரே ஒரு கைக்கான உறை. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நான் சாப்ட்பால் ஆடுகிறேன் என்பது என் வகுப்புத் தோழியருக்குத் தெரியும். நம்மில் பலர் இதைப் பேஸ்பால் என்றே நினைக்கிறார்கள். இரண்டும் உறவுதான், ஆனால் ஒன்றல்ல. பேஸ்பால் பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 9 அங்குலம். நாங்கள் ஆடும் பந்துக்கு 12 அங்குலம். அங்கே தோளுக்கு மேலிருந்து வீசுவார்கள்; இங்கே கையைத் தாழ்த்தி வீச வேண்டும். 1887ஆம் ஆண்டு சிகாகோ நகரில், ஒரு மண்டபத்துக்குள் இந்த ஆட்டம் பிறந்தது. அன்றைக்கு ஆடியவர்களிடம் பந்துகூட இல்லையாம். ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டி அதையே பந்தாக அடித்திருக்கிறார்கள். கையுறையில் தொடங்கிய ஆட்டம் என்னையும் கையுறையிலேயே கொண்டுவந்து நிறுத்தியது.

நான் இடக்கைக்காரி. மனிதரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அப்படி. எழுதுவதும் எறிவதும் எனக்கு இடது கை. இந்த ஆட்டத்தில் எறியும் கை வெறுங்கையாக இருக்க வேண்டும். பந்தைப் பிடிக்கும் மற்றக் கையில்தான் உறையை மாட்ட வேண்டும். ஆகவே வலக்கைக்காரர் இடது கையில் மாட்டுவார். நான் வலது கையில் மாட்ட வேண்டும். எனக்கு ஆடக் கிடைத்தவையெல்லாம் இடது கையில் மாட்டுபவை. அதில் ஒன்றை வலது கையில் திருப்பி மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் சுண்டுவிரலை நுழைத்து ஓராண்டு ஆடினேன். அது யார் குற்றமும் அன்று. பத்தில் ஒருவருக்காக எவர் தனியாக வாங்கி வைப்பார்?

என் தாய்மாமன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை. "என்ன வேணும் பாப்பா?" என்று அவர் கேட்டபோது, "மாமா, எனக்கு எடது கை. அதுக்கேத்த சாப்ட்பால் கிளவுஸ் வேணும்" என்று செல்பேசியில் சொல்லி அனுப்பினேன். தவறு அங்கேயே நடந்துவிட்டது.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அன்று சிராங்கூன் சாலைக்குப் போய், ஊர்க்காரர்களைப் பார்த்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி, சாமான் வாங்கித் திரும்புவது அவர் வழக்கம். எனக்காக இரண்டு ஞாயிறு அதை விட்டார். விளையாட்டுப் பொருள்களுக்குக் குயின்ஸ்வே ஷாப்பிங் சென்டரைப் பார் என்று யாரோ சொல்ல, வழி விசாரித்துப் போயிருக்கிறார். எந்தக் கையில் மாட்டுவார்கள் என்று கடைக்காரர் கேட்டாராம். மாமா தம் இடது கையை உயர்த்திக் காட்டினார்.

பெட்டியைத் திறந்து அவர் அதை என் கையில் வைத்தபோது புதுத் தோலின் வாசம் வீடு முழுக்கப் பரவியது. விரல்களை நுழைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அது இடது கையில் மாட்டும் உறை. அதாவது, வலக்கையால் எறிபவருக்கானது. விலைச்சீட்டை முன்பே கிழித்திருந்தார். "அதெல்லாம் உனக்கெதுக்கு பாப்பா? சரியா இருக்குதா, அத மட்டும் சொல்லு" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். "சரியா இருக்கு மாமா" என்றேன்.

மறுநாள் மணிமுத்தாற்று மணலுக்கு என்னை அழைத்துப் போனார். தாமே பந்தைப் போட்டு நான் பிடிப்பதைப் பார்க்க வேண்டுமாம். இடது கையில் மாட்டினேன், ஏதோ பிடித்தேன். ஆனால் திருப்பி எறிய வலது கைதானே மிச்சம்? நான் எறிந்த பந்து அவரை நோக்கிப் போகாமல் எங்கெங்கோ போய் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவரே ஓடிப்போய் எடுத்து வந்தார். "நல்லாத்தான் பிடிக்கிற" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு அம்மா என்னைத் தனியே அழைத்தார். அம்மா பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு அச்சு ஊற்றுகிற வேலை செய்கிறார். பாரிஸ் சாந்து அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றினால், சாந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவரோரம் களிமண் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, காய்ந்ததும் பொம்மையை எடுப்பார்கள். அச்சில் எழுத்து இடம் மாறி இருந்தால்தான் பொம்மையில் நேராக வரும். இடம் வலம் பார்ப்பதில் அவர் கண்ணை ஏமாற்ற முடியாது.

"நீ சோத்தாங்கையால எறியறவ இல்லையே. அது எப்பிடிடி உனக்கு சரியா இருக்கும்?"

"மாமா மனசு கஷ்டப்படும்மா."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பச்சை மண்ணுல விரிசல் இருந்தா அப்பவே சொல்லணும். கரைச்சு மறுபடி ஊத்திடலாம். சூளைல வெந்து வந்தப்புறம் சொன்னா உடைச்சுப் போடத்தான் ஆகும்."

வேதியியல் படிக்கிற எனக்கு அது பாடமாகத் தெரிந்ததுதான். சுடாத களிமண் நீரில் கரையும், சுட்டது திரும்பாது. ஆனால் அன்றுதான் அதன் பொருள் விளங்கியது. விளங்கியும் மூன்று நாள் வாய் வரவில்லை.

மாமா திருச்சியில் விமானம் ஏற வேண்டும். விருத்தாசலம் சந்திப்பில் அரியலூர் வழி ரயிலுக்காகக் காத்திருந்தோம். வண்டி வருவதாக அறிவித்தார்கள். இனி நேரமில்லை என்றபோதுதான் சொன்னேன். இரண்டு கைகளையும் நீட்டி, எது எறியும் கை, எது மாட்டும் கை என்று காட்டினேன்.

அவர் சிறிது நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "அதான பாத்தேன்! இவ்ளோ மோசமா எறியற புள்ளைய எப்பிடி டீம்ல எடுத்தாங்கன்னு மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல." சிரிப்பு நின்றதும் மெதுவாகச் சொன்னார்: "கை மாறினது ஒண்ணுமில்ல பாப்பா. எங்கிட்டகூட உள்ளதச் சொல்ல உனக்கு பயமா?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றும் என்னிடம் பதில் இல்லை. வண்டி வந்துவிட்டது.

அந்தக் கையுறை இப்போது எங்கள் அணியில் வலக்கையால் எறியும் ஒரு தோழியிடம் இருக்கிறது. புதுத் தோல் விறைப்பாக இருந்ததால், அதன் குழியில் பந்தை வைத்துக் கயிற்றால் கட்டிச் சில இரவுகள் வைத்திருந்தோம். இப்போது பந்து அதில் தானாகவே அடங்குகிறது. மாமாவிடம் அவள் பிடிக்கும் காணொளியை அனுப்பினேன். "என் கிளவுஸ் நல்லா ஆடுது" என்று பதில் வந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் கடல் கடந்து உழைப்பவர் இருப்பார். அவரிடம் கருவியோ காலணியோ கையுறையோ கேட்கும்போது, பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கையுறை என்றால், எறியும் கை எது என்று சொல்லுங்கள். எந்த ஆட்டம், எத்தனை அங்குலம் என்று சொல்லுங்கள். பந்தைக் காக்கும் கேட்சருக்கும் முதல் தளத்தில் நிற்பவருக்கும் விரல் பிரியாத தனி உறை உண்டு. ஆகவே எந்த இடத்தில் ஆடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு தாளில் கையை வைத்துக் கோடு வரைந்து, படமெடுத்து அனுப்புங்கள். அவருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை நமக்குத் தெரியாது.

மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பணம் சேர்த்து வருகிறேன். அடுத்த கையுறைக்குப் பாதி நான், பாதி அவர் என்பது எங்கள் ஒப்பந்தம். சென்ற ஞாயிறு மாமா மீண்டும் அந்தக் கடை வாசலிலிருந்து அழைத்தார். திரையில் அவர் வலது கையை உயர்த்திக் காட்டி, "இதுதான?" என்றார்.

"அதுதான் மாமா. ஆனா இன்னும் கொஞ்சம் பணம் சேரணும்" என்றேன். இம்முறை உள்ளதை உடனே சொல்லிவிட்டேன்.