லேபிள் இல்லாத பாக்கெட்

அவருக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சியில் இருக்கும் கருணாபுரம். வேலை, சேலத்தில் ஓர் உலைச் செங்கல் ஆலையில். கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பிழைப்பு.

"என்னா வேலைடா செய்யற?" என்று அம்மா கேட்டால், "இரும்பு உருக்குற அடுப்புக்குக் கல்லு செய்யறோம்மா" என்பார்.

வெள்ளைக்கல்லைச் சுட்டால் மக்னீசியா கிடைக்கும். அதோடு கிராஃபைட் கலந்து செய்யும் செங்கல், 1,600 டிகிரி கொதிக்கும் எஃகைத் தாங்க வேண்டும். ஆனால், இந்த இரண்டு பொடிகளும் தாமாக ஒட்டாது. தண்ணீர் விட்டும் பிசைய முடியாது; ஈரம் பட்டால் மக்னீசியா உப்பி, கல் விரிசல்விடும். அதனால் ஃபீனாலிக் ரெசின் என்ற பிசினைச் சேர்ப்பார்கள். நூறு கிலோவுக்கு நான்கைந்து கிலோ போதும். அழுத்தி, சுமார் 200 டிகிரி சூடு காட்டினால் கல் இறுகிவிடும்.

ரெசினைச் செய்யத் தேவை ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும். ஃபார்மால்டிஹைடு செய்யத் தேவை மெத்தனால். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்த பாடம் இது. ஆலையில் ஒவ்வொரு டிரம்மிலும் எச்சரிக்கை லேபிள் இருக்கும். எடுத்த அளவை நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

2024 ஜூன் 19. அம்மாவிடமிருந்து போன். "உம் மாமா நேத்து ராத்திரி பாக்கெட் சாராயம் குடிச்சாருடா. வயித்து வலி, வாந்தி. தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்னு படுத்துக் கெடந்தாரு. இப்ப கண்ணு மங்கலா தெரியுதுங்கறாரு."

'கண்' என்றதும் அவருக்குக் கை நடுங்கியது. "ஒரு நிமிஷம்கூட வீட்ல வெச்சிருக்காதம்மா. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

மாமா பிழைக்கவில்லை. அந்த விஷச் சாராயத்துக்குப் பலியானவர்கள் 60 பேருக்கும் மேல். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன.

காரியம் முடிந்த அன்று அம்மா கேட்டார். "அந்த மெத்தனாலு, உங்க கம்பெனி சாமானாடா?"

"அதுலேருந்துதாம்மா எங்க பிசினுக்கு ஒரு சரக்கு செய்யறாங்க. குடிச்சா, அதே சரக்கை நம்ம ஈரல் செய்யுது. முதல்ல ஃபார்மால்டிஹைடு, அப்புறம் ஃபார்மிக் அமிலம். அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கெடுக்குது."

"குடிச்சதும் தெரியாதா?"

"தெரியாதும்மா. சாதாரண போதை மாதிரிதான் இருக்கும். அரை நாள், ஒரு நாள் கழிச்சுத்தான் காட்டும். சீக்கிரம் போனா ஃபோமெபிசோல்னு மாற்று மருந்து இருக்கு. ரத்தத்தைச் சுத்தம் பண்ணவும் வழி இருக்கு."

அம்மா வெகுநேரம் பேசவில்லை. "உங்க டிரம்முல எழுதியிருக்குமே... அந்தப் பாக்கெட்டுல ஒண்ணுமே எழுதலியேடா" என்றார் கடைசியில்.

அவரிடம் பதில் இல்லை.

விடுப்பு முடிந்து ஆலைக்குத் திரும்பினார். புதிதாகச் சேர்ந்த பையன் அலுத்துக்கொண்டான். "நாலு கிலோ பிசினுக்கு எதுக்குண்ணே இவ்வளவு எழுதணும்?"

முன்பெல்லாம் அவரும் அப்படிக் கேட்டவர்தான். இப்போது பேனாவைப் பையனின் கையில் கொடுத்தார்.

"எழுது தம்பி. யார் எடுத்தா, எவ்வளவு எடுத்தா, எதுக்கு எடுத்தா... மூணையும் எழுது."